யூச்சின் குடித்த வெந்நீர்

தைவானில் எங்கள் லுகாங் ஊர்க் கடைத்தெருவில் பல் வலி வந்தவர்கள் முதலில் என்னிடம்தான் வருவார்கள். வலி போனதும் எதிர்வரிசையில் இருக்கிற இன்னொரு பல் டாக்டரிடம் போய்விடுவார்கள். அவருடைய கிளினிக்கில் ஒரு சுவர் முழுக்க மீன்தொட்டி இருக்கிறது. வாயைத் திறந்துகொண்டே மீனைப் பார்க்கலாமாம். என் கிளினிக்கில் வாயைத் திறந்தால் தலைக்கு மேலே மின்விசிறிதான் தெரியும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொறாமைக்காரி ஒருத்தியின் கதையை எழுத உட்காருகிறவன், தனக்கு வயிறே எரியாத மாதிரி எழுதினால் நன்றாக இருக்காது.

அந்தப் பொறாமைக்காரி யூச்சின். என் கிளினிக்குக்கு நான்கு கடை தள்ளி, கருவாடும் காளானும் உலர்ந்த இறாலும் விற்கிற கோ குடும்பத்துக் கடையின் மூத்த மருமகள். கல்லாவில் உட்கார்ந்திருப்பாள். தெருவில் எல்லோரும் அவளை முதலாளியம்மா என்றுதான் கூப்பிடுவோம். கடலோரத்தில் சிப்பி வளர்க்கிற குடும்பத்தில் பிறந்தவள். கல்யாணமாகி வந்தபோது இரண்டு பெட்டிகளையும், சிப்பி உடைத்து உடைத்துக் காய்த்துப்போன கைகளையும் கொண்டுவந்தாள். மாமியாரிடம் வாங்காத திட்டு இல்லை. எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டு கடையைத் தூக்கி நிறுத்தினாள்.

அப்புறம் இரண்டாவது மருமகள் வந்தாள். வான்ரூ தைச்சுங் நகரத்துப் பெண். பியானோவோடு வந்தாள். அதை மாடிக்கு ஏற்றுவதற்காக வாசல் நிலையையே கழற்ற வேண்டியிருந்தது. தனக்காக அந்த வீட்டில் யாரும் ஒரு ஆணியைக்கூடக் கழற்றியதில்லை என்பது யூச்சினுக்கு அன்றைக்கே உறைத்துவிட்டது. இன்றைக்கும் பியானோ என்ற சொல்லைக் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

மாமியார் பாரபட்சம் பார்க்கிறவள் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். துணி எடுத்தால் இருவருக்கும் ஒரே துணி. மீன் வாங்கினால் இருவர் கிண்ணத்திலும் ஒரே அளவு. ஆனாலும் அதே துணி வான்ரூ உடம்பில் பட்டு மாதிரி நிற்பதாகவும், தன் உடம்பில் ஜன்னல் திரை மாதிரி தொங்குவதாகவும் யூச்சின் சொல்வாள். அதற்கு மாமியார் என்ன செய்ய முடியும்?

போன வருடம் வசந்த காலத்தில் மாமியார் இருவரையும் ஒன்றாக என்னிடம் அழைத்துவந்தாள். இரண்டு பேருக்கும் மேல் முன்பல்லில், ஈறு ஓரமாகச் சொத்தை. ஒரே மதியத்தில், ஒரே பசையால், ஒரே நீல விளக்கில் இறுக வைத்து அடைத்து அனுப்பினேன். வான்ரூவின் அடைப்பு வைத்த இடத்தில் கம்மென்று உட்கார்ந்துவிட்டது. யூச்சினுடையது கோடையில் கழன்றது. மறுபடி வைத்தேன். ஓரம் பழுப்பேறிப் புத்தாண்டுக்குப் பிறகு மறுபடியும் கழன்றது. இந்த வருடம் நிலாப் பண்டிகைப் பலகாரத்தைக் கடித்தபோது மூன்றாவது முறையும் விழுந்தது.

வேறு வருடமாக இருந்தால் அவள் இவ்வளவு பதறியிருக்க மாட்டாள். கோ வீட்டுக் கடைசிப் பையன் மிங்தேவுக்கு நாற்பது வயதில் ஒருவழியாகக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. குளிர்காலத்தில் முகூர்த்தம். மணப்பெண் காரிலிருந்து இறங்கும்போது அவள் தலைக்கு மேல் முறத்தைப் பிடித்து, மங்கல வாக்குச் சொல்லி உள்ளே அழைத்துவர நல்விதிக்காரி ஒருத்தி வேண்டும். கணவன், மகன், மகள் என்று எல்லாம் குறைவில்லாமல் வாய்த்த பெண்ணாக இருக்க வேண்டும். இரண்டு மருமகள்களுக்கும் அந்தத் தகுதி இருந்தது. ஒருத்தியைத் தேர்ந்தெடுக்க வேண்டியது மாமியார். முன்பல்லில் ஓட்டை இருந்தால் அந்த வழியாகக் குடும்பத்துச் செல்வம் ஒழுகிப்போகும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. அந்த முறத்தைத் தன் கையில் வாங்க வேண்டும் என்பது யூச்சினின் உயிர்மூச்சாக இருந்தது. வாசல் நிலையைக் கழற்றி பியானோ ஏற்றிய அதே வாசலில், தெரு முழுக்கப் பார்த்திருக்க, தான் நடுவில் நிற்க வேண்டும். அதற்குக் குறுக்கே நின்றது அந்தப் பல் ஒன்றுதான்.

கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்த பசைத் துண்டை என் மேஜைமேல் வைத்தாள்.

"டாக்டர், உண்மையச் சொல்லுங்க. வான்ரூவுக்கு எந்தப் பசை வெச்சீங்க?"

"உங்களுக்கு வெச்ச அதே பசைதான் முதலாளியம்மா."

"அதே பசைன்னா அவளோடது மட்டும் எப்படி நிக்குது? அவ பல்லு என்ன கோயில் தூணா?"

"நீங்க என்ன குடிக்கிறீங்க? புளிப்பா ஏதாவது?"

"வெந்நீர்."

"வெந்நீர் மட்டுமா?"

"வெந்நீர் மட்டும்தான். நான் என்ன, அவள மாதிரி தெருமுனையில வாங்கிக் குடிக்கிறவளா? அத்தை உங்ககிட்ட தனியா ஏதாவது சொன்னாங்களா? சின்னவளுக்கு ஒசந்ததா வைங்கன்னு?"

என் உதவியாளர் ஆமின் இருபது வருடமாக என்னோடு இருப்பவள். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே பதில் சொன்னாள். "ஒசந்தது எங்ககிட்ட இருந்தா, இந்த ஃபேன மாத்தியிருக்க மாட்டோமா?"

யூச்சின் சிரிக்கவில்லை. "மீன்தொட்டி டாக்டர்கிட்டயே போயிருக்கலாம்" என்றாள். எனக்குச் சுருக்கென்றது.

பல் ஓரத்தைப் பார்த்தாலே காரணம் ஏதோ புளிப்பு என்று தெரிந்தது. பசையைச் சுற்றி இருந்த பல்லும் மழுங்கியிருந்தது. வெந்நீர் குடிப்பவளின் பல் அப்படி ஆகாது. ஆனால் வாயில் இருக்கிற பல்லை நம்புவதா, அந்த வாய் சொல்வதை நம்புவதா? மறுபடியும் அடைத்துவிட்டேன். போகும்போது அவள் ஒரு நிபந்தனை போட்டாள். வான்ரூவுக்கு வைத்த பசையில் ஒரு துளி, தனக்கு வைத்ததில் ஒரு துளி, இரண்டையும் இறுக வைத்துக் கொடுக்க வேண்டும். வீட்டில் வைத்துத் தானே சோதித்துக்கொள்வாளாம். ஒரே பசைக் குழாயிலிருந்து இரண்டு மணிகளைப் பிதுக்கி, விளக்கைக் காட்டி இறுக வைத்து, தனித்தனிப் பொட்டலமாகக் கொடுத்தேன். ஆமின் அவற்றின்மேல் இருவர் பெயரையும் எழுதினாள்.

குளிர்காலம் தொடங்கியபோது, குடும்பமாகச் சாப்பிட உட்கார்ந்த இடத்தில் மாமியார் முடிவைச் சொல்லிவிட்டாள். முறம் வான்ரூ கையில். "யூச்சினோட பல்லு அன்னிக்கு வரைக்கும் நிக்குமோ நிக்காதோ, யாரு கண்டா" என்று காரணமும் சொன்னாளாம். மறுநாள் காலையில் நான் கதவைத் திறக்கும்போதே யூச்சின் வாசலில் நின்றாள். கண் வீங்கியிருந்தது. உள்ளே வந்ததும் ஒரு சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தை மேஜைமேல் வைத்தாள். அதில் கலங்கிய தண்ணீரில் அந்த இரண்டு மணிகளும் கிடந்தன. இரண்டும் பழுப்பேறிப் பளபளப்பு செத்துப்போயிருந்தன. ஊசி முனையால் கீறிப் பார்த்தேன். இரண்டிலுமே கோடு விழுந்தது.

"ரெண்டும் போலி" என்றாள். "ரெண்டு பேரையும் ஏமாத்தியிருக்கீங்க."

அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் கொஞ்சம் நிம்மதி தெரிந்ததை நான் கவனித்தேன். வான்ரூவும் ஏமாந்தாள் என்றால் அவளுக்குப் பாதி வலி போய்விடும் போலிருந்தது. நான் கிண்ணத்தை எடுத்து முகர்ந்தேன்.

"இது வெந்நீரா முதலாளியம்மா?"

அவள் கைக்குட்டையை எடுத்து மடிக்கத் தொடங்கினாள்.

"எலுமிச்சை வாசனை அடிக்குது. தேயிலையும் இருக்கு."

"மொதல்ல வெந்நீர்லதான் போட்டேன்" என்றாள் மெதுவாக. "ஒண்ணும் ஆகல. அப்புறம்தான் நான் குடிக்கிறதுல போட்டேன்."

பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எல்லாம் வெளியே வந்தது. வான்ரூ தினமும் மதியம் தெருமுனைக் கடையில் எலுமிச்சை கலந்த பச்சைத் தேநீர் வாங்குவாள். கடைக்கு வந்த ஒருத்தி, சின்ன மருமகள் முகம் உரித்த முட்டை மாதிரி இருக்கிறது, அந்த எலுமிச்சைதான் காரணம் என்று கல்லாவுக்கு முன்னாலேயே நின்று சொல்லிவிட்டுப் போனாளாம். அன்றிலிருந்து யூச்சின் வீட்டிலேயே அதைத் தயாரித்தாள். அவளுடையதில் ஒரு பழம் என்றால் இவளுடையதில் மூன்று. அவளுடையதில் சர்க்கரை என்றால் இவளுடையது வெறும் சாறு. ஃபிளாஸ்கில் ஊற்றிக் கல்லாவுக்குக் கீழே ஒளித்துவைத்து, வியாபாரத்துக்கு நடுவே நாள் முழுக்க ஒவ்வொரு வாயாகக் குடித்தாள். பல் வெளுக்கும் என்று வாயில் வைத்துக் கொப்பளித்து விழுங்கினாள். ஒவ்வொரு முறையும் உடனே போய் அழுத்தித் தேய்த்துப் பல் விளக்கினாள். ஓரகத்தியைப் பார்த்துக் காப்பி அடிக்கிறாள் என்று யாரும் மோப்பம் பிடித்துவிடக் கூடாதே.

"அவளும் அதத்தான் குடிக்கிறா. அவளுக்கு மட்டும் ஏன் ஒண்ணும் ஆகல?" கேட்கும்போது குரல் உடைந்தது. அநியாயம் என்று அவள் உண்மையிலேயே நினைத்தாள்.

தெருவில் என் பேச்சை நின்று கேட்பவர்கள் குறைவு. அதனால் அன்று கொஞ்சம் அதிகமாகவே பேசிவிட்டேன். புளிப்பு ஒரே நாளில் எதையும் தின்றுவிடாது என்றேன். பல்லும் பசையும் சேருகிற ஓரத்தை அது மெல்ல மெல்ல இளக்கும். சாப்பாட்டோடு ஒரே மூச்சாகக் குடித்துவிட்டால் எச்சில் வந்து கழுவிவிடும். விட்டு விட்டுக் குடித்தால் எச்சிலுக்கு வேலை செய்ய நேரமே இல்லை. வான்ரூ ஏப்ரனில் ஒரு எஃகு உறிஞ்சுகுழாய் வைத்திருக்கிறாள். அதை நாக்குக்கு மேல் விட்டு உறிஞ்சுவதால் முன்பல்லில் அதிகம் படுவதில்லை. குடித்ததும் வெறும் தண்ணீரால் வாயைக் கொப்பளிக்கிறாள். பிரஷைத் தொடுவது சாயங்காலம்தான் என்று பரிசோதனைக்கு வந்தபோது அவளே சொல்லியிருந்தாள். புளிப்பு பட்டதுமே தேய்த்தால், இளகியிருக்கிற மேல்பரப்பு பிரஷோடு போய்விடும்.

"அப்ப அந்தக் குழாய்தான் காப்பாத்துது" என்றாள் யூச்சின்.

"குழாயும், உடனே தேய்க்காததும்."

"உடனே தேய்க்கக் கூடாது." பாடம் படிக்கிற பிள்ளை மாதிரி திருப்பிச் சொன்னாள். நன்றி சொல்லிவிட்டு, கிண்ணத்தைக்கூட எடுக்காமல் போய்விட்டாள். நான் திருப்தியோடு கை கழுவினேன்.

ஆமின்தான் கேட்டாள். "டாக்டர், அந்தம்மா இவ்வளவு விவரமா கேட்டது தன் பல்லுக்கா?"

எனக்கு அப்போது புரியவில்லை.

கொஞ்ச நாள் கழித்து வான்ரூ வந்தாள். அடைப்பைச் சுற்றிப் பழுப்பாக ஒரு கோடு விழுந்திருந்தது. இத்தனை நாள் அசையாமல் இருந்த பசையின் ஓரம் சொரசொரத்துப்போயிருந்தது.

"இப்ப எப்படிக் குடிக்கிறீங்க?" என்று கேட்டேன்.

அவள் முகம் மலர்ந்தது. "அக்கா எனக்கு பீங்கான் கப் வாங்கிக் குடுத்தாங்க டாக்டர். நீலப் பூ போட்டது. புளிப்பும் இரும்பும் சேந்தா உடம்புக்கு ஆகாதாம், குழாயத் தூக்கிப் போட்டுட்டு இதுல குடின்னாங்க. நான் இந்த வீட்டுக்கு வந்ததுலருந்து எனக்குன்னு அவங்க வாங்கின மொத சாமான் அது."

"குடிச்சதும்?"

"உடனே பல்லு தேச்சிடறேன். நீங்க சொன்னதாத்தான் அக்கா சொன்னாங்க."

ஆமின் என்னைப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன். தன் மூக்கு போனாலும் எதிரிக்குச் சகுனத்தடை ஆகட்டும் என்பார்கள். யூச்சின் தன் மூக்கைக்கூட இழக்கவில்லை. என் வாயை வைத்தே காரியத்தை முடித்திருக்கிறாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் இரண்டு பேர் ஒரே கூரைக்குக் கீழே காலம் தள்ள வேண்டும். நான் எப்படிப் போட்டு உடைப்பது?

"நான் சொன்னது நேர்மாறு" என்று மட்டும் சொன்னேன். "குழாய்லதான் குடிக்கணும். உடனே தேய்க்கக் கூடாது. அவங்க மாத்திப் புரிஞ்சிருப்பாங்க."

வான்ரூ என் முகத்தையும் ஆமின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் முட்டாள் இல்லை.

"ஆமா" என்றாள் கடைசியில். "மாத்திப் புரிஞ்சிருப்பாங்க."

அந்த ஓரம் ஏற்கெனவே இளகிவிட்டிருந்தது. பளபளப்பாக்கிப் பார்த்தேன், பெரிதாகப் பயனில்லை. கல்யாணத்துக்கு முந்தின வாரம் பூசணி விதை கொறித்தபோது ஒரு சில்லு தெறித்துவிட்டது. தெருவில் அவளைப் பார்த்தபோது சிரித்தாள்; முன்பல்லில் ஓட்டை தெரிந்தது. உள்ளே வாருங்கள், தேநீர் ஆறுவதற்குள் சரிசெய்துவிடலாம் என்றேன். அவள் தலையை ஆட்டினாள்.

"கல்யாணம் முடியட்டும் டாக்டர்."

அன்று மாலையே முறம் யூச்சின் கைக்கு மாறிவிட்டது என்று தெருவெல்லாம் பேச்சு. வான்ரூவே மாமியாரிடம் போய், ஓட்டைப் பல்லோடு நான் நிற்கக் கூடாது, அக்காதான் மூத்தவள், அவள் செய்வதுதான் முறை என்று சொன்னாளாம்.

கல்யாணத்தன்று காலையில் அக்கம்பக்கத்துக்காரர்கள் எல்லோரும் கோ வீட்டு வாசலில் நின்றோம். மீன்தொட்டி டாக்டரை முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தார்கள். எனக்குத் தூணோரம்தான் இடம் கிடைத்தது. அதை நான் பெரிதுபடுத்தவில்லை, குறித்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

யூச்சின் சிவப்பு உடையில் முறத்தோடு வந்தாள். இத்தனை வருடத்தில் அவள் முகத்தில் அப்படி ஒரு ஒளியை நான் பார்த்ததில்லை. முன்பல்லில் என் அடைப்பு கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. ஃபிளாஸ்கை அவள் எப்போதோ மூலையில் போட்டுவிட்டாள். வாசலோர மேஜையில் அந்த நீலப் பூப் பீங்கான் கப் இருந்தது. அதற்குள் எஃகு உறிஞ்சுகுழாய் நின்றது. யூச்சினின் கண் அதில் பட்டு அப்படியே நின்றுவிட்டது.

நேராகத் தூணோரம் வந்தாள். குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "அவளுக்கு எல்லாம் தெரியுமா?"

"குழாய்லதான் குடிக்கணும்னு சொன்னேன். வேற ஒண்ணும் சொல்லல."

"சில்லு தெறிச்சுதே. உங்ககிட்ட வரலையா?"

"நானே கூப்பிட்டேன். தேநீர் ஆறறதுக்குள்ள முடிஞ்சிருக்கும். கல்யாணம் முடியட்டும்னுட்டாங்க."

அவள் முகத்திலிருந்த ஒளி இறங்கியது. அதற்குள் பட்டாசு வெடித்தது, கார் வந்து நின்றது, மணப்பெண் இறங்கினாள். யூச்சின் முறத்தைத் தூக்கி அவள் தலைக்கு மேல் பிடித்தாள். மணப்பெண் தாண்ட வேண்டிய, கரி கனன்ற சட்டிக்கு முன்னால் வந்ததும் வாக்குச் சொல்ல வேண்டும். மாதக்கணக்கில் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்த வாக்கு. வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. பல் போனால் சொல் போச்சு என்பார்கள். இங்கே பல் வெள்ளையாக, முழுசாக இருந்தது, சொல்லைத்தான் காணோம். மணப்பெண் ஒற்றைக் காலைத் தூக்கியபடி காத்துநின்றாள். மாமியார் முகம் கறுத்தது.

அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து, ஓட்டைப் பல் வழியே காற்று சீறிக்கொண்டு, மெல்லிய குரல் எடுத்துக் கொடுத்தது.

"நெருப்பைத் தாண்டி வா, நிறைவா வாழ வா."

யூச்சின் அதைத் திருப்பிச் சொன்னாள். வான்ரூ அடுத்த வரியைச் சொன்னாள். யூச்சின் அதையும் சொன்னாள். நிலைப்படி தாண்டும்வரை இப்படியே போயிற்று. கூட்டத்துக்கு யூச்சினின் குரல் மட்டும்தான் கேட்டது. மங்கல வாக்குச் சொல்லும்போது அழக்கூடாது. ஆனாலும் அவள் கன்னம் நனைந்திருந்தது. சந்தோஷத்தில் அழுகிறாள் என்று சொல்லி எல்லோரும் கைதட்டினார்கள்.

கல்யாணம் முடிந்த மறுநாள் கிளினிக் கதவு தள்ளித் திறந்தது. யூச்சின் வான்ரூவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துவந்து நாற்காலியில் உட்கார வைத்தாள்.

"இவ பல்ல அடைங்க டாக்டர். புதுப் பசைக் குழாய என் கண்ணு முன்னாடி பிரிங்க."

"அக்கா, நானே வந்திருப்பேன்ல" என்றாள் வான்ரூ.

"நீ வாயத் தொற. இத்தன நாள் வாய மூடிக்கிட்டு இருந்தது போதும்."

வான்ரூ வாயைத் திறந்தாள். யூச்சின் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டே நின்றாள். நடுவில் ஒருமுறை வான்ரூவின் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டாள். சிப்பி உடைத்துக் காய்த்த அந்தக் கை அவ்வளவு மெதுவாக அசைந்ததை நான் பார்த்ததில்லை. ஆமின் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பசையை வைத்து, நீல விளக்கைக் காட்டி, தேய்த்து வழவழப்பாக்கிக் கண்ணாடியைக் கொடுத்தேன்.

வான்ரூ பார்ப்பதற்கு முன்பே யூச்சின் அதை வாங்கிவிட்டாள். கண்ணாடியை வான்ரூவின் பல்லுக்குக் காட்டினாள். பிறகு தன் உதட்டைத் தூக்கித் தன் பல்லுக்குக் காட்டினாள். மறுபடியும் வான்ரூவின் பல்.

"டாக்டர்" என்றாள். "இவளோடது கொஞ்சம் வெள்ளையா இருக்கே. எனக்கு வேற பசையா வெச்சீங்க?"

வாயில் பஞ்சோடு வான்ரூ சிரித்தாள்.